4 ஜிபி ரேமில் ஒரு வலையமைப்பு ஆய்வுகூடம்: எந்த மென்பொருளைத் தெரிவு செய்வது?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வலையமைப்பு வகுப்பு ஒன்று தொடங்க நினைப்பவரை முதலில் மறிப்பது பெட்டிகளின் விலைதான். ஒருவருக்கு இரண்டு ரவுட்டர், ஒரு சுவிட்ச் என்று வைத்தாலே 15 பேருக்கு 45 பெட்டி வேண்டும். பழைய பெட்டிகளாக வாங்கினாலும் அவற்றின் இரைச்சலும் சூடும் ஒரு சின்ன அறைக்குத் தாங்காது. அதனால்தான் ரவுட்டர், சுவிட்ச், கேபிள் எல்லாவற்றையும் ஒரே கணினிக்குள் உருவாக்கித் தரும் திறந்த மூல மென்பொருள்கள் பக்கம் எல்லோரும் திரும்புகிறார்கள். அப்படி ஐந்தாறு இருக்கின்றன. எல்லாமே இலவசம் என்பதால் விலையைப் பார்த்துத் தெரிவு செய்ய வழியில்லை.

நம் பக்கத்தில் தெரிவைத் தீர்மானிப்பவை மூன்று: மாணவர் கையிலுள்ள மடிக்கணினியின் ரேம், தரவிறக்கத்துக்குச் செலவாகும் டேட்டா, செயன்முறை நடுவே கரண்ட் போனால் எது மிஞ்சும் என்பது. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், எல்லோரும் முதலில் தேடிப் போகும் ஜிஎன்எஸ்3 பெரும்பாலானோருக்கு இரண்டாவது தெரிவாகவே இருக்க வேண்டும். ஏன் என்பதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு எல்லை. பாக்கெட் டிரேசர் இந்த ஒப்பீட்டில் வராது. அது சிஸ்கோவின் சொந்த மென்பொருள். இலவசமாகக் கிடைத்தாலும் மூலநிரல் திறந்ததல்ல. அதற்குள் ஓடுவது உண்மையான ரவுட்டர் மென்பொருளும் அல்ல, அதன் நடத்தையைப் பாவனை செய்யும் நிரல். எழுதியவர்கள் சேர்க்காத கட்டளை அதில் இருக்காது. உயர்தர மாணவருக்கு ஐபி முகவரியும் உபவலையமைப்பும் காட்ட அது போதும், அதை மறுக்கவில்லை. ஆனால் நாம் பேசுவது உண்மையான மென்பொருளை ஓட்டிப் பழகுவதைப் பற்றி. இதே வேலையைச் செய்யும் ஈவ்-என்ஜியின் கம்யூனிட்டி பதிப்பையும் இங்கே ஒதுக்கி வைக்கிறோம். அது ஒரு முழு சேர்வரைக் கேட்கும், கனமானதை ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்டது.

அளவுகோலாக ஒரு வலையமைப்பு

ஜிஎன்எஸ்3, கோர், மினிநெட், கத்தாரா, கன்டெய்னர்லேப் ஆகிய ஐந்து மென்பொருள்களையும் ஒரே வேலையை வைத்துத்தான் ஒப்பிட முடியும். நான்கு ரவுட்டரை எடுங்கள்: மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை, மகா ஓயா. மட்டக்களப்பிலிருந்து கரையோரமாகக் கல்முனைக்கு ஒரு இணைப்பு, அங்கிருந்து அம்பாறைக்கு, அம்பாறையிலிருந்து மகா ஓயாவுக்கு, மகா ஓயாவிலிருந்து செங்கலடிப் பக்கமாகத் திரும்ப மட்டக்களப்புக்கு. வளையம் மூடிவிட்டது. மட்டக்களப்பில் ஒரு பிசி, 192.168.10.0/24 வலையமைப்பில். கல்முனையில் ஒரு பிசி, 192.168.20.0/24 இல். ரவுட்டர்களுக்கு இடையே உள்ள நான்கு இணைப்புகளுக்கும் ஆளுக்கொரு /30, அதாவது இரு நுனிக்கும் மட்டும் முகவரி உள்ள சிறு வலையமைப்பு.

பாடம் இதுதான்: ரவுட்டர்கள் தமக்குள் பேசி வழியைக் கண்டறியும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை ஓடும்போது பொதிகள் கரையோரமாக நேரே போக வேண்டும். அந்த இணைப்பை அறுத்தால் மகா ஓயா, அம்பாறை வழியாகச் சுற்றிப் போக வேண்டும். மாரியில் கரைவீதி வெள்ளத்தில் மூழ்கினால் பஸ் சுற்றிப் போவதைக் கண்ட பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். கணினிக்குள் எல்லாக் கேபிளுக்கும் ஒரே வேகம், ஆகவே தூரத்தையோ வேகத்தையோ மென்பொருள் தானாக அறியாது. ஓஎஸ்பிஎஃப் கொஸ்ட்டை (ஒரு இணைப்பைக் கடக்கும் செலவு, கூட்டுத்தொகை குறைந்த வழியே தெரிவாகும்) ஒவ்வொரு இடைமுகத்திலும் கையால் கொடுங்கள். எல்லா இணைப்புக்கும் 10 என்றால் நேர்வழிக்கு 10, சுற்றுவழிக்கு 30.

ரவுட்டர் மென்பொருளாக எஃப்ஆர்ஆர். பழைய குவாக்காவிலிருந்து பிரிந்து வந்த திறந்த மூலத் திட்டம் அது. கட்டளைகள் சிஸ்கோவின் பாணியிலேயே இருப்பதால் இங்கே பழகியது அங்கே வீணாகாது.

ஜிஎன்எஸ்3

படம் வரைந்து, கேபிள் இழுத்து, பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடும். அதனால்தான் இவ்வளவு புகழ். உள்ளே முக்கியமாக மூன்று இயந்திரங்கள் இருக்கின்றன. பழைய சிஸ்கோ வன்பொருளைப் பாவனை செய்யும் டைனமிப்ஸ், முழு மெய்நிகர் கணினியை ஓட்டும் கியூஇஎம்யு, கொள்கலன்களை (ஒரே லினக்ஸைப் பகிர்ந்து தனித்தனியாக ஓடும் சிறு சூழல்கள்) ஓட்டும் டொக்கர். பொதிகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கை எந்தக் கேபிள் மீதும் வலது சொடுக்கில் திறக்கலாம். இந்த ஒரு வசதியில் மற்ற எதுவும் இதற்குக் கிட்ட வராது.

சிக்கல் ரவுட்டர் படிமத்தில், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளின் கோப்பில் தொடங்குகிறது. டைனமிப்ஸுக்கு சிஸ்கோவின் ஐஓஎஸ் கோப்பு வேண்டும். அது ஜிஎன்எஸ்3 உடன் வராது, வரவும் முடியாது, உரிமம் சிஸ்கோவுடையது. வகுப்புகளில் பென் டிரைவில் கைமாறும் படிமங்களுக்கு அந்த உரிமம் கிடையாது. தனியாள் ஒருவர் கண்டுகொள்ளாமல் விடலாம், ஒரு கல்வி நிறுவனம் விடக்கூடாது. அதோடு டைனமிப்ஸ் ஓட்டுவது 3725, 7200 போன்ற பழைய மாதிரிகளை மட்டுமே. ரவுட்டர் சும்மா இருப்பதை அறிய உதவும் ஐடில்-பிசி என்ற மதிப்பைக் கணித்துக் கொடுக்காவிட்டால் ஒரே ஒரு ரவுட்டர் ஒரு சிபியு கோரை 100 சதவீதம் தின்றுவிடும். மடிக்கணினியின் விசிறி கத்தத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இரண்டாவது சிக்கல் விண்டோஸ். விண்டோஸில் ஜிஎன்எஸ்3 ஐ முழுமையாகப் பயன்படுத்த ஜிஎன்எஸ்3 விஎம் என்ற தனி மெய்நிகர் கணினி தேவை. அதன் தரவிறக்கமே 1 ஜிபியைத் தாண்டும். விஎம் பதிப்பும் வரைபட மென்பொருளின் பதிப்பும் இலக்கத்துக்கு இலக்கம் பொருந்த வேண்டும். ஒன்றை மட்டும் புதுப்பித்துவிட்டு, இணையவில்லையே என்று தேடுபவர்கள் ஏராளம். அந்த விஎம்முக்குள் கியூஇஎம்யு வேகமாக ஓட, பயோஸில் மெய்நிகராக்கம் இயக்கப்பட்டிருக்க வேண்டும். அதே கணினியில் விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க வசதிகளான டபிள்யுஎஸ்எல்2 அல்லது ஹைப்பர்-வி இயங்கினால், விஎம்மை ஓட்டும் விஎம்வேருக்கு அந்த வசதி கைவிட்டுப் போகலாம். 4 ஜிபி ரேமில் விண்டோஸ், அதற்குள் விஎம், அதற்குள் ரவுட்டர் என்று அடுக்கினால் நடக்காது. 8 ஜிபியில் சமாளிக்கலாம், 16 ஜிபியில் நிம்மதி.

லினக்ஸில் கதை வேறு. உபுண்டுவில் ஜிஎன்எஸ்3 இன் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்த்து நிறுவினால் விஎம் தேவையே இல்லை. பயனரை யுபிரிட்ஜ், கேவிஎம், டொக்கர், வயர்ஷார்க் ஆகிய குழுக்களில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். மறுபடி உள்நுழைய மறந்தால் அனுமதிப் பிழை வந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு பொறி: ஜிஎன்எஸ்3 உடன் வரும் எளிய ஈதர்நெட் சுவிட்சுக்கு, வளையத்தைத் தடுக்கும் எஸ்டிபி நெறிமுறை தெரியாது. விலான் (ஒரே சுவிட்சைப் பல வலையமைப்பாகப் பிரிப்பது) போர்ட்டுகளை அமைக்கலாம், ஆனால் அப்படி இரண்டு சுவிட்சை இரண்டு கேபிளால் இணைத்தால் ஒளிபரப்புப் பொதிகள் சுற்றிச் சுற்றிப் பெருகும். எஸ்டிபி பாடத்துக்கு ஓப்பன் விசுவிட்ச் கொள்கலனை எடுங்கள்.

மைக்ரோட்டிக் படிக்க வேண்டுமென்றால் ஜிஎன்எஸ்3 தான் வசதி. பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ ஒரு ஹோட்டலுக்கு வைஃபை போட்டுக் கொடுக்கும் வேலையை நினைத்துப் படிப்பவர் சிஎச்ஆர் என்ற மைக்ரோட்டிக் படிமத்தை நிறுவனத்தின் தளத்திலிருந்தே முறைப்படி இறக்கலாம். அது திறந்த மூலமல்ல. இலவச உரிமத்தில் இடைமுகம் ஒன்றுக்கு 1 எம்பிபிஎஸ் என்று வேகத்தைக் கட்டிவிடுகிறார்கள். வரிசை அமைப்பு, தீச்சுவர், ஹொட்ஸ்பொட் எல்லாம் பழக அந்த வேகம் தாராளம்.

கோர்

அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சி ஆய்வுகூடத்தின் திட்டம் இது. குரோஷியாவின் சாக்ரெப் பல்கலைக்கழகத்தில் உருவான ஐம்யூன்ஸிலிருந்து வளர்ந்தது. லினக்ஸின் நேம்ஸ்பேஸ்களை (ஒரே கணினிக்குள் வலையமைப்பைப் பிரித்து வைக்கும் வசதி) வைத்தே ரவுட்டர், பிசி போன்ற முனைகளை உருவாக்குவதால் மிக இலேசானது. 4 ஜிபி ரேமில் இருபது முப்பது முனைகளைத் தாராளமாக ஓட்டலாம். ரவுட்டர் படிமம் எதையும் தேட வேண்டாம், கணினியில் நிறுவிய குவாக்காவையோ எஃப்ஆர்ஆரையோ ரவுட்டர் முனைகள் தனித்தனியாக ஓட்டிக்கொள்ளும்.

முதல் வகுப்புக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் அந்த நல்லதே இரண்டாம் வகுப்பில் கெடுதலாகிவிடும். ரவுட்டர் குறியை வைத்துக் கேபிள் இழுத்தவுடன் ஐபி முகவரிகளைத் தானே கொடுத்துவிடுகிறது. தொடங்கியவுடன் ஓஎஸ்பிஎஃப் உம் தானே ஓடிவிடுகிறது. பிள்ளை எதையும் செய்யாமலே பிங் (மறுபக்கம் எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும்! பயிற்சி கொடுப்பவர் ஒவ்வொரு முனையிலும் சேவைகளை நீக்கி, முகவரிகளை அழித்து, அதன் பிறகே கோப்பைக் கையளிக்க வேண்டும்.

நிறுவுவதும் மற்றவற்றைவிடச் சற்றுச் சிரமம். அதே கணினியில் டொக்கரும் இருந்தால் ஒரு விசித்திரமான கோளாறு வரும்: முனைகள் எல்லாம் எழும்பி நிற்கும், கேபிள் இணைந்தே இருக்கும், பிங் மட்டும் போகாது. காரணம், டொக்கர் லினக்ஸின் தீச்சுவரான ஐபிடேபிள்ஸில் ஃபோவர்ட் சங்கிலியின் கொள்கையை டிராப் ஆக்கிவிடுகிறது. கோரின் பிரிட்ஜ்களை (மெய்நிகர் சுவிட்சுகள்) கடக்கும் பொதிகளும் அதில் மாட்டிக்கொள்கின்றன. கொள்கையை அக்செப்ட் ஆக்கினால் சரி. கணினியை மறுபடி தொடக்கும்போது டொக்கர் அதைத் திரும்ப மாற்றிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கோருக்கென்று ஒரு தனி இடம் உண்டு: கம்பியில்லா வலையமைப்பு. முனைகளைக் கன்வஸில் இழுத்து நகர்த்தினால் தூரத்தைப் பொறுத்து இணைப்பு வரும், அறும். வாவியில் நகரும் தோணிகள் ஒன்றையொன்று தொடர்புகொள்ளும் வலையமைப்பு என்று ஒரு இறுதியாண்டுத் திட்டம் எடுக்கும் மாணவருக்கு, மற்ற நான்கையும் பார்க்காமல் இதையே சொல்லலாம்.

மினிநெட்

ஸ்டான்ஃபோர்டில் பிறந்து 2010 இல் ஆய்வுலகுக்கு வந்தது. ஓப்பன்ஃப்ளோ, எஸ்டிஎன் (சுவிட்சுகளை கன்ட்ரோலர் என்ற ஒரு மைய மென்பொருளால் ஆளும் முறை) படிப்பவருக்கானது. டிசிபி நெரிசல், தாமதம், பொதி இழப்பு ஆகியவற்றை அளக்கவும் நல்லது. உபுண்டுவில் ஒரே கட்டளையில் நிறுவலாம். இரண்டு மட்ட மரவடிவ வலையமைப்பை ஒரே வரியில் எழுப்பலாம்.

நமது நான்கு ரவுட்டர் வளையத்துக்கு இது பொருந்தாது. மினிநெட்டின் முனைகள் ஒரே கோப்பு முறைமையைப் பகிர்கின்றன. நான்கு முனைகளில் எஃப்ஆர்ஆரைத் தொடங்கினால் நான்கும் ஒரே அமைவுக் கோப்பையும் ஒரே சொக்கெட்டையும் பிடிக்கப் போய்ச் சண்டையிடும். தனித்தனி அடைவு கொடுத்துத் தீர்க்கலாம், ஆனால் அது வலையமைப்புப் பாடமாக இல்லாமல் பைத்தான் பாடமாகிவிடும். வளையம் போட்டாலும் தொல்லைதான். வழக்கமான கற்றல் சுவிட்ச் கன்ட்ரோலருக்கு வளையத்தைக் கையாளத் தெரியாது, முகவரி கேட்டு ஒளிபரப்பும் முதல் ஏஆர்பி பொதியிலேயே புயல் கிளம்பும். கன்ட்ரோலர் இல்லை என்ற பிழை வந்தால், கன்ட்ரோலர் தேவைப்படாத லினக்ஸ் பிரிட்ஜ் வகைச் சுவிட்சைக் கேளுங்கள். பாதியில் நின்றுபோனால் எச்சங்களைத் துடைக்க அதன் துப்புரவுக் கட்டளையை ஓட்டாமல் மறுபடி தொடங்காதீர்கள். பழைய பாடக்குறிப்புகளில் வரும் ரியு கன்ட்ரோலர் புதிய பைத்தானில் தடுமாறும். அதிலிருந்து பிரிந்த ஓஎஸ்-கென் இன்னும் பராமரிப்பில் இருக்கிறது.

கத்தாரா

ரோமா ட்ரே பல்கலைக்கழகத்தார் நெட்கிட் என்ற பழைய கருவியை டொக்கர் மேல் புதிதாக எழுதியது. வகுப்புக்கு என்றே செய்யப்பட்டது, அது ஒவ்வொரு முடிவிலும் தெரிகிறது. ஆய்வுகூடம் என்பது ஒரு கோப்புறை. அதற்குள் லேப்.கான்ஃப் என்ற ஒரு கோப்பு. எந்த ரவுட்டரின் எத்தனையாவது இடைமுகம் எந்தக் கேபிளில் என்பது ஆளுக்கொரு வரி. நமது வளையத்தில் நான்கு ரவுட்டருக்கும் தலா இரண்டு இடைமுகம், அத்தோடு இரண்டு உள்ளூர் வலையமைப்பு, இரண்டு பிசி. கூட்டினால் 12 வரி. எந்தப் படிமம் என்று சொல்ல இன்னும் சில வரிகள்.

ஒவ்வொரு முனைக்கும் அதன் பெயரில் ஒரு தொடக்கக் கோப்பு இருக்கும். ஐபி முகவரி கொடுக்கும் கட்டளையும் எஃப்ஆர்ஆர் சேவையைத் தொடக்கும் கட்டளையும் அதில். முனையின் பெயரிலேயே ஒரு கோப்புறை வைத்தால், அதற்குள் இருப்பவை முனையின் கோப்பு முறைமைக்குள் பிரதியாகும். எந்தச் சேவைகள் ஓட வேண்டும் என்று சொல்லும், எஃப்ஆர்ஆரின் டெமன்ஸ் என்ற கோப்பை அப்படித்தான் கொடுக்க வேண்டும். அதில் ஓஎஸ்பிஎஃப்டி என்ற வரி இயல்பாக ‘நோ’ என்றிருக்கும், ‘யெஸ்’ ஆக்குங்கள். மாற்றாவிட்டால் ரவுட்டருக்குள் ஓஎஸ்பிஎஃப் ஓடவே ஓடாது. நூற்றுக்குத் தொண்ணூறு தொடக்கநிலைக் கேள்விகளுக்கு விடை இந்த ஒரு வரிதான் என்று சொன்னால் கொஞ்சம் மிகை, அவ்வளவுதான்.

முழுக் கோப்புறையும் சில கிலோபைட். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அக்கரைப்பற்றில் வீட்டிலிருக்கும் மாணவர் திறந்தாலும் ஆசிரியர் கண்ட அதே வலையமைப்பு எழும்பும்.

இப்போது குறைகள். கோப்புகள் முனைக்குள் பிரதியாகின்றன, பிணைக்கப்படுவதில்லை. மாணவர் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து ரவுட்டரில் அமைவுகளைக் கொடுத்து, சேமிக்கும் கட்டளையையும் அடித்து, பிறகு ஆய்வுகூடத்தை நிறுத்தினால் எல்லாம் போய்விடும். சேமித்தது கொள்கலனுக்குள், கொள்கலனோ அழிந்துவிட்டது. நிறுத்துமுன் அமைவுக் கோப்பை, எல்லா முனைகளுக்கும் பொதுவான ‘ஷெயார்ட்’ கோப்புறைக்குப் பிரதி எடுக்கச் சொல்லிக் கொடுங்கள். முதல் வகுப்பிலேயே, வேறு எதற்கும் முன்னால்.

விண்டோஸில் இது டொக்கர் டெஸ்க்டொப்பைக் கேட்கும், 4 ஜிபி ரேமில் அது பாரம். அங்கே நல்ல வழி, வர்ச்சுவல்பொக்ஸில் வரைகலை இல்லாத உபுண்டு சேர்வர் ஒன்றை 1.5 ஜிபி ரேமுடன் நிறுவி, கத்தாராவை அதற்குள் ஓட்டுவது. கொள்கலன்களுக்கு உள்ளடுக்கு மெய்நிகராக்கம் (விஎம்முக்குள் இன்னொரு விஎம்) தேவையில்லை என்பதால் ஜிஎன்எஸ்3 விஎம்மில் வரும் சச்சரவு இங்கே இல்லை. ஒருமுறை நிறுவி, ஓவிஏ கோப்பாக ஏற்றுமதி செய்து, மற்றக் கணினிகளுக்குப் பிரதி எடுக்கலாம். வரைகலை இல்லாத இடத்தில் கட்டளை அடிக்கும் முனையங்கள் (டெர்மினல்) தாமாகத் திறக்காது. முனையமின்றித் தொடங்கச் சொல்லி, பிறகு ஒவ்வொரு முனையாக இணைந்துகொள்ள வேண்டும்.

கன்டெய்னர்லேப்

நொக்கியாவின் பொறியாளர்கள் தொடக்கியது. இதுவும் டொக்கர்தான், இதுவும் கோப்புதான், ஆனால் யாம்ல் என்ற உரை வடிவில். கத்தாரா வகுப்பறையை நினைத்துச் செய்யப்பட்டது என்றால், இது வேலைத்தளத்தை நினைத்துச் செய்யப்பட்டது. எஃப்ஆர்ஆர் மட்டுமல்ல, நொக்கியாவின் எஸ்ஆர் லினக்ஸ் படிமத்தையும் பதிவு எதுவுமின்றி இறக்கி ஓட்டலாம். தரவுமைய வலையமைப்பு, தானியக்கம், அதற்கான அன்சிபிள் கருவி என்று போக நினைப்பவருக்கு இதுவே பாதை. எஸ்ஆர் லினக்ஸ் படிமம் 1 ஜிபியைத் தாண்டும், ரேமும் நிறையக் கேட்கும். 4 ஜிபி கணினியில் எஃப்ஆர்ஆரோடு நின்றுகொள்ளுங்கள்.

இதில் பிள்ளைகளை ஏமாற்றும் பொறி ஒன்று உண்டு. எல்லா முனைகளுக்கும் இடைமுகம் 0 மேலாண்மைக்கென்று 172.20.20.0/24 வலையமைப்பில் தானாக இணைக்கப்படும். இயல்புவழியும் (வேறு வழி தெரியாத பொதிகள் போகும் வழி) அதன் ஊடாகவே போகும். பாடத்துக்கான கேபிள்கள் இடைமுகம் 1 இலிருந்துதான். விளைவு: ரவுட்டிங் முற்றாகப் பிழையாக இருந்தாலும் மட்டக்களப்புப் பிசியிலிருந்து இணையத்துக்குப் பிங் போகும். “சேர், வேலை செய்யுது” என்று கை தூக்குவார்கள். பொதி போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரவுட்டில் முதல் தாவலாக 172.20.20.1 வந்தால் பொதி பின்கதவால் போகிறது என்று அர்த்தம். பிசி முனைகளில் இயல்புவழியைப் பாட ரவுட்டர் பக்கம் மாற்றும் கட்டளையை யாம்ல் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். கத்தாராவில் இந்த வம்பு இல்லை. வழி தெரியாவிட்டால் வலையமைப்பை அடைய முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும்.

எம்டியுவையும் (ஒரு பொதியின் உச்ச அளவு) பாருங்கள். கன்டெய்னர்லேப் தன் கேபிள்களுக்கு 9500 கொடுக்கிறது. ஒரு பக்கம் 9500, மறுபக்கம் வெளியிலிருந்து இணைத்த 1500 என்றால் ஓஎஸ்பிஎஃப் அயலவர் உறவு எக்ஸ்ஸ்டார்ட் நிலையில் நின்றுவிடும். பிங் போகும், ஓஎஸ்பிஎஃப் மட்டும் முழுமையடையாது.

அமைவைச் சேமிக்க இங்கே வழி எளிது: கணினியிலுள்ள கோப்புறையை முனைக்குள் பிணைத்தால், ரவுட்டரில் சேமித்தது நேரே உங்கள் வட்டுக்கு வரும். எஃப்ஆர்ஆரின் அமைவுக் கோப்பை மட்டும் தனியாகப் பிணைக்க வேண்டாம். சேமிக்கும்போது எஃப்ஆர்ஆர் பழைய கோப்பைப் பெயர் மாற்றிவைக்கப் பார்க்கும், பிணைத்த தனிக்கோப்பில் அது முடியாமல் பிழை வரும். முழு அடைவையும் பிணையுங்கள்.

கேபிளை அறுக்கும்போது

ஒப்பீட்டில் யாரும் பேசாத வித்தியாசம் இது, ஆனால் பாடத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. மட்டக்களப்பு ரவுட்டரில் கல்முனை நோக்கிய இடைமுகத்தை மூடுகிறீர்கள். கல்முனை ரவுட்டருக்கு அது எப்போது தெரியும்?

கன்டெய்னர்லேப் இரண்டு முனைகளையும் ஒரு வெத் சோடியால் (இரு நுனி கொண்ட மெய்நிகர் கேபிள்) நேரடியாக இணைக்கிறது. ஒரு நுனி விழுந்தால் மறு நுனியும் அந்தக் கணமே விழும், ஓஎஸ்பிஎஃப் உடனே சுற்றுவழிக்கு மாறும். பிங்கில் ஒன்றிரண்டு பொதி தவறலாம். கத்தாராவிலும் கோரிலும் நடுவில் ஒரு பிரிட்ஜ் இருக்கும். கல்முனையின் இடைமுகம் எழும்பியபடியே நிற்கும், அயல் ரவுட்டர் உயிரோடு இருப்பதை அறிவிக்கும் ஹலோ பொதி வராமல் 40 வினாடி கழிந்த பிறகே அயலவர் போய்விட்டார் என்று முடிவு செய்யும். டைனமிப்ஸ் ரவுட்டர்களிலும் மறுபக்கம் எழும்பியே இருக்கும். இது எந்த மென்பொருளின் பிழையும் அல்ல. உண்மையான உலகில் நேர்க் கேபிளுக்கும், நடுவில் சுவிட்ச் இருக்கும் இணைப்புக்கும் உள்ள அதே வித்தியாசம். ஹலோ 10, டெட் 40 என்ற இலக்கங்களை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, கத்தாராவில் அந்த 40 வினாடியைக் கடிகாரம் பார்த்துக் காத்திருக்க வைப்பது நல்லது. பிறகு இடைமுகத்தில் ஹலோவை 1, டெட்டை 4 ஆக்கி மறுபடி அறுக்கச் சொல்லுங்கள். இரு பக்கமும் ஒரே இலக்கம் இல்லாவிட்டால் உறவே உருவாகாது என்பதையும் அப்போதே கண்டுகொள்வார்கள்.

தாமதம் கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம். லினக்ஸின் நெட்எம் வெளியே போகும் பொதியை மட்டுமே தாமதிக்கும். ஒரு நுனியில் 50 மில்லிசெக்கன் கொடுத்தால் பிங்கில் 50 கூடும், இரு நுனியிலும் கொடுத்தால் 100. வயர்ஷார்க்கில் செக்சம் பிழை என்று கறுப்புச் சிவப்பாக வந்தாலும் பதற வேண்டாம். மெய்நிகர் இடைமுகங்கள் அந்தக் கணக்கைப் பின்னால் தள்ளிப்போடுவதால் வருவது அது.

கரண்டும் டேட்டாவும்

2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த நிலை இன்றில்லை. ஆனாலும் கார்த்திகை, மார்கழியில் மரம் முறிந்து கம்பி அறுவது நம் கரைக்குப் புதிதல்ல. மேசைக் கணினி திடீரென நின்றால் மினிநெட்டில் எழுப்பியது எதுவும் மிஞ்சாது, பைத்தான் கோப்பு மட்டும் இருக்கும். கத்தாராவில் கோப்புறை இருக்கும், ஷெயார்ட்டுக்கு எடுக்காத வேலை போய்விடும். கன்டெய்னர்லேப்பில் பிணைத்த அடைவில் சேமித்தது எல்லாம் இருக்கும். ஜிஎன்எஸ்3 இல் கியூஇஎம்யு முனைகளின் வட்டு நிலைத்திருக்கும், ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் அந்த வட்டே பழுதாகலாம். அப்போது முனையை அழித்துப் புதிதாக வைப்பதைத் தவிர வழியில்லை. திட்டத்தை அவ்வப்போது பிரதி எடுங்கள்.

டேட்டாவுக்கு: ஒருவர் இரவு நேர டேட்டாவில் இறக்கினால் போதும், 15 பேரும் இறக்க வேண்டாம். டொக்கரின் ‘சேவ்’ கட்டளை ஒரு படிமத்தைத் தனிக் கோப்பாக்கும், மற்றக் கணினியில் ‘லோட்’ கட்டளை அதை ஏற்றும். பென் டிரைவ் எஃப்ஏடி32 வடிவில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். உபுண்டு மென்பொருள் தொகுப்புகளுக்கு ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி வைத்தால் ஒருவர் இறக்கியதை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது?

4 ஜிபி ரேம், கையில் எந்தப் படிமமும் இல்லை, ரவுட்டிங் கற்க வேண்டும்: கத்தாரா. இலேசான லுபுண்டுவை விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவ முடிந்தால் இன்னும் நல்லது. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர், வகுப்பின் முன்னால் திரையில் காட்ட மட்டும் என்றால்: கோர். சிஸ்கோ அல்லது மைக்ரோட்டிக் சான்றிதழ் எழுதப் போகிறவர், 8 ஜிபிக்கு மேல் ரேம் உள்ளவர்: ஜிஎன்எஸ்3, முடிந்தவரை லினக்ஸில். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் எஸ்டிஎன் பற்றி ஆய்வு செய்யும் மாணவர்: மினிநெட், யோசிக்கவே வேண்டாம். டெவ்ஒப்ஸ் வேலையைக் குறிவைப்பவர்: கன்டெய்னர்லேப்.

நிறுவனம் ஒன்று 15 பழைய கணினிகளோடு 16 ஜிபி ரேம் உள்ள ஒரே ஒரு புதிய கணினியை வாங்க முடிந்தால், கணக்கு மாறும். அதில் உபுண்டு சேர்வரை நிறுவி, மாணவர்கள் புட்டி மூலம் உள்நுழையட்டும். 15 பேருக்குத் தலா நான்கு எஃப்ஆர்ஆர் கொள்கலன் என்றால் 60. ஒவ்வொன்றும் சில பத்து எம்பி ரேமே எடுக்கும் என்பதால் தாங்கும். இங்கேயும் கத்தாரா வசதி, ஒவ்வொரு பயனரின் ஆய்வுகூடத்தையும் அது தானே பிரித்து வைக்கும். கன்டெய்னர்லேப் என்றால் ஆய்வுகூடத்தின் பெயரை ஒவ்வொருவரும் வெவ்வேறாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொள்கலன் பெயர்கள் மோதும். எதுவானாலும் டொக்கர் குழுவில் சேர்க்கப்பட்ட மாணவருக்கு அந்த சேர்வரில் நிர்வாகி அதிகாரமே கிடைத்துவிடுகிறது என்பதை அறிந்து வைத்திருங்கள். புள்ளிப் பட்டியலை அதே கணினியில் வைக்காதீர்கள். நிறுவனத்தின் உள்ளூர் வலையமைப்பு 172.17 இல் தொடங்கும் முகவரிகளைப் பயன்படுத்தினால், டொக்கர் நிறுவிய மறுகணமே சேர்வரோடு தொடர்பு அறுந்துபோகலாம். டொக்கரின் அமைவுக் கோப்பில் வேறு முகவரி வீச்சை முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகே டொக்கரை நிறுவுங்கள்.

வகுப்பு தொடங்குமுன் ஒரு 32 ஜிபி பென் டிரைவில் இவை இருக்கட்டும்: லுபுண்டு நிறுவல் கோப்பு, கத்தாரா நிறுவிய உபுண்டு சேர்வரின் ஓவிஏ, வர்ச்சுவல்பொக்ஸ் நிறுவி, டொக்கர் ‘சேவ்’ செய்த எஃப்ஆர்ஆர் படிமம், நான்கு ரவுட்டர் வளையத்தின் கோப்புறை இரண்டு பிரதிகள். ஒரு பிரதி சரியாக ஓடுவது. மற்றதில் கல்முனை ரவுட்டரின் டெமன்ஸ் கோப்பில் ஓஎஸ்பிஎஃப்டி வரியை ‘நோ’ என்று விட்டு, அம்பாறை இடைமுகத்தில் /30 க்குப் பதில் /29 போட்டு வையுங்கள். இரண்டாம் வாரம் கொடுக்க.